மூட்டைக்கு மேலே பரண்

கத்தாரில் ஒன்பது வருஷம் சாரம் கட்டியவன் குணசேகரன். ஊரான் கட்டடங்களை மாடி மாடியாக ஏறிப் பார்த்தவனுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொந்தமாக இருந்தது ஒரே அறை. கல்யாணமான நாலாம் மாசம் விமானம் ஏறினான். நடுவில் இரண்டு தடவை லீவு, அவ்வளவுதான். இனிப் போவதில்லை என்று வந்து இறங்கினால், அவனுக்கு முன்னாலேயே நாற்பது மூட்டை நெல் அறையில் குடியேறியிருந்தது. மனைவி பிரகதீஸ்வரி குத்தகை நிலத்தில் தனி ஆளாக விளைவித்த குறுவை. அரசுக் கொள்முதல் நிலையத்தில் முறை வரவில்லை, மழையும் விடவில்லை.

இருபது நாளாக அவள் மூட்டைச் சந்தில் படுத்தாள், அவன் மாட்டுக் கொட்டகையில். தெருவே சிரித்தது. மாடு சிரிக்கவில்லை, அதற்கும் இட நெருக்கடி.

மூட்டைகளுக்கு மேலே பரண் கட்டி இருவரும் ஒன்றாகப் படுப்பது என்று முடிவாயிற்று. கடைக் கட்டிலுக்குக் காசு எட்டாது. கொல்லையில் சவுக்குக் கழி கிடந்தது. சென்டரிங் வேலை பார்க்கும் அப்துல் அஜீஸ் பழைய பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினான்.

"டேப் எடுத்தாரவாண்ணே?"

"எதுக்கு? அளவு என் முதுகுல இருக்கு."

"சட்டையக் கழட்டுங்க, எத்தன இஞ்சுன்னு பாத்துக்கறேன்."

குணசேகரன் தரையில் படுத்துக் காட்டினான். அஜீஸ் செங்கல் துண்டால் அவன் உடம்பை ஒட்டிக் கோடு கிழித்தான். பிரகதீஸ்வரி கயிறு எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் பரண் நின்றது. ஆட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. அஜீஸ் கிளம்பிப் போனான்.

கல்யாணத்துக்கு வந்த பெரிய விரிப்பை இதுவரை பிரிக்காமல் வைத்திருந்தாள். ஏணியில் ஏறி அதை விரித்தாள். பாதி விரிப்பு பரணுக்கு வெளியே தொங்கியது. குணசேகரன் ஏறி, கைகளை மார்பில் கட்டி, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தான். அதோடு பலகையின் அகலம் தீர்ந்துவிட்டது.

அவள் ஏணியிலேயே நின்றாள்.

"போன்ல பாத்த கட்டில்தான் இது. உங்க கத்தார் கேம்புல, நீங்க படுத்த மேல் தட்டு."

அவன் அவள் பக்கம் திரும்ப முயன்றான். திரும்ப இடமில்லை.

"நல்லாத்தான் இருக்கு. நீங்க படுங்க, நான் சந்துலயே படுத்துக்கறேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. ஒன்பது வருஷமாக உடம்பு சுருங்கிப் படுத்த அளவை அவன் வீட்டுக்குள்ளும் கட்டி வைத்திருந்தான். அதில் அவளுக்குப் பலகை போட யாருக்கும் தோன்றவில்லை.

அவள் இறங்குவதற்குள் போனை எடுத்தான்.

"அஜீசு, இன்னும் பலகை வேணும்ப்பா. பிரிச்சுக் கட்டணும்."

"எத்தன அடி அகலம்ணே?"

குணசேகரனுக்குத் தெரியவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தான்.

"அஞ்சுன்னு சொல்லுங்க," என்றாள், யோசிக்காமல். "நான் பொரண்டு படுக்கறவ."

அதுவும் அவனுக்குத் தெரியாது.

"அஞ்சு," என்றான் போனில். பொத்திய கையை அப்போதுதான் எடுத்தான். இன்னொரு தடவை சொன்னான்.