சுடிதாருக்குள் ஓர் இடுப்புப் பை

தாம்பரம் சானடோரியம் பக்கம் நான் வேலை செய்யும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குள் பெண்கள் கொண்டுபோகும் பை, உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையாகத்தான் இருக்க வேண்டும். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், தலைவலி மாத்திரை, நியூஸ்பேப்பரில் சுற்றிய நாப்கின் எல்லாவற்றையும் கேட்டில் நிற்கிற ஆண்கள் பார்த்து முடித்த பிறகுதான் நாம் உள்ளே போகலாம். யாரும் துணி திருடிவிடக் கூடாதாம், அதற்காக இந்த ஏற்பாடு. பதினாறு வருடங்களாக வெளிநாட்டு ஆண்களின் பேன்ட்டுக்கு நாலு நாலு பாக்கெட் தைத்து அனுப்புகிற எனக்கு, நான் போட்டிருக்கும் சுடிதாரில் ஒரு பாக்கெட் கிடையாது. இந்த எரிச்சல் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

ஆனால் என் கிறுக்கு ஆரம்பித்தது எரிச்சலில் இல்லை, ஒரு படத்தில். நான் மாதிரி உடுப்பு தைக்கிற சாம்பிள் செக்‌ஷனில் இருப்பவள், ஏதோ ஒரு கழுத்து டிசைனைப் போனில் தேடிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு மியூசியம் ஒன்று தன்னிடம் இருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு கவுன்களைப் படமெடுத்துப் போட்டிருந்தது. விரலால் பெரிதாக்கினால் ஒவ்வொரு தையலும் தெரிந்தது. மிஷின் இல்லாத காலம், முழுக்கக் கைத்தையல். அக்குளுக்குக் கீழே துணி போதாமல் ஒரு சின்னத் துண்டை ஒட்டுப் போட்டிருந்தார்கள். பூ கூட ஒத்துப்போகவில்லை. யாரோ ஒரு சீமாட்டி அந்த ஒட்டோடு ஜம்மென்று விருந்துக்குப் போயிருக்கிறாள். ரயிலில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் இறங்க வேண்டிய பெருங்களத்தூர் போய்விட்டது. வண்டலூரில் இறங்கித் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு மீளவே முடியவில்லை. அந்தக் கவுன்களின் முன்பக்கத்தை மூட பல சமயம் கொக்கியோ பட்டனோ கிடையாது, தினமும் குண்டூசியால் குத்திக்கொள்வார்கள். கை முழங்கையோடு நின்றுவிடும், முழங்கை மடங்குவதற்காகவே வளைத்து வெட்டியிருப்பார்கள். துணிக்கு விலை அதிகம், தைக்கிறவளின் உழைப்புக்கு விலை கம்மி. அதனால்தான் அத்தனை ஒட்டு. அது இன்றைக்கும் மாறவில்லை. அந்தப் பூப்போட்ட பருத்தித் துணிகளில் பல நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனவை என்று படித்தபோது பெருமையாகவும் இருந்தது, கோபமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காகிதத்தில் கவுன் வெட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என் வீட்டுக்காரர், "இன்னா, தொரைசானி சமையல் பண்ணுவாங்களா, இல்ல நானே பண்ணணுமா?" என்பார். பண்ணுங்கள் என்று நானும் விட்டுவிடுவேன்.

அந்தக் கவுன்களிலும் பாக்கெட் கிடையாது. ஆனால் அந்தப் பெண்கள் அதற்காகச் சும்மா இருக்கவில்லை. பேரிக்காய் வடிவத்தில் ஒரு துணிப் பை, நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு, மேலே நாடா. அதை உள்ளே இடுப்பில் கட்டிக்கொண்டு, பாவாடையின் பக்கத் தையலில் இடைவெளி விட்டு, அதன் வழியே கையை விட்டு எடுப்பார்கள். படத்தைப் பார்த்து அதே மாதிரி ஒன்று தைத்தேன், முன்பக்கம் ஒரு கொடி எம்பிராய்டரியும் போட்டேன். என் சுடிதார் டாப்ஸ் ஆறிலும் வலது இடுப்புப் பக்கம் தையலைப் பிரித்து ஓரம் மடித்தேன். துப்பட்டா போட்டால் ஒன்றும் தெரியாது. நாப்கினும் மாத்திரையும் ஊசிப் பெட்டியும் அதற்குள் போயின. பதினாறு வருடத்தில் முதல் முறையாக, நான் என்ன எடுத்துப் போகிறேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

மூன்றாம் நாள் சாயங்காலமே மாட்டிக்கொண்டேன். வேலை முடிந்து வெளியே வரும்போது பெண்களைத் திரை போட்ட ஒரு மறைப்புக்குள் கூப்பிட்டு, உடம்பைத் தடவிப் பார்த்து அனுப்புவார்கள். அதைச் செய்தவர் ஒரு செக்யூரிட்டி அக்கா. அனகாபுத்தூரிலிருந்து வருகிறவர், ஏஜென்சி மூலம் வந்த வேலை. அவர் கை என் இடுப்பில் நின்றது.

"இன்னாம்மா இது?"

டாப்ஸைத் தூக்கிப் பையைக் காட்டினேன். உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். எந்தக் காலத்துப் பை, யார் கட்டியது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அக்கா அந்தக் கொடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"வெள்ளக்காரிக்கும் நம்ம கஷ்டந்தான் போல கீது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரூல்ஸ்படி இது கூடாது. நான் பாக்கல. ஆனா இந்த சாமானைத் தவிர வேற எதையும் இதுல வெக்காத, தெரிதா?"

"சத்தியமா வெக்க மாட்டேன்க்கா."

எட்டு மாதம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

பிறகு மேற்குத் தாம்பரத்தில் நடைபாதையில் குவித்துப் போட்டு விற்கிற எக்ஸ்போர்ட் துணியில் ஒரு வெள்ளைப் பருத்தி கிடைத்தது, நீலக் கொடி போட்டது. பார்த்ததுமே தெரிந்தது, அது எங்கள் கம்பெனியில் ரிஜெக்ட் ஆகி மூட்டையாக வெளியே போன லாட். பில் எல்லாம் அங்கே கொடுக்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. வீட்டில் வைத்து கவுனை வெட்டினேன். தைக்கத்தான் நேரமில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதி மிச்சமாகும் என்று, கவுனின் வலது கையை மட்டும் மடித்து இடுப்புப் பையில் வைத்துக் கொண்டுபோய், கேன்டீனுக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்தேன். சாயங்காலம் அதே பையில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்படி மூன்று வாரம். துணிக் கம்பெனிக்குள் துணி கொண்டுபோகிற முட்டாள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவர் கை அந்தப் பக்கம் வந்தாலும் நிற்காது என்ற தைரியம்.

அன்று நாலு மணிக்கு மைக்கில் அறிவித்தார்கள். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்த ஒரிஜினல் சாம்பிள் ஒன்றைக் காணவில்லை. சாம்பிள் செக்‌ஷன் ஆட்கள் கடைசியாகத்தான் போக வேண்டும், எச்.ஆர். மேடமே நின்று செக்கிங் பார்ப்பார்.

இடுப்பில் கம்பெனித் துணி, பில் இல்லை, உள்ளுக்குள் மறைத்துக் கட்டிய பை, அதற்கென்று பிரித்து வைத்த தையல். திருடி என்று எழுதி நெற்றியில் ஒட்டிக்கொண்டது போலத்தான். பாத்ரூமில் போட்டுவிடலாம் என்றால் வராந்தாவில் கேமரா. மேஜைக்கு அடியில் வைத்தால் மறுநாள் என் மேஜையில் கிடைத்தது என்பார்கள். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் பக்கத்துக் கம்பெனிகளில் ஒருவரும் சேர்க்க மாட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில் எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். எல்லாம் தெரிந்துதான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர், ஒவ்வொருவருக்கும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. துப்பட்டாவை இழுத்து இழுத்துவிட்டதில் அதுவே ஒரு பக்கமாக நழுவிக்கொண்டிருந்தது.

என் முறை வந்தது. மேடம் ஓரத்தில் நின்றார். அக்காவின் கை தோள், முதுகு என்று வந்து இடுப்பில் பட்டது. மூன்று வாரமாக நிற்காமல் கடந்த அந்தக் கை, பை பருமனாக இருந்ததை அன்று கண்டுபிடித்துவிட்டது. ஒரு கணம் நின்றது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போம்மா," என்றார்.

இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

"ஒரு நிமிஷம்," என்றார் மேடம். "சைட்ல என்ன அது, நாடா தொங்குது?"

அலுவலக அறையில் மேஜைமேல் என் பையும், நாப்கினும், ஊசிப் பெட்டியும், நீலக் கொடி போட்ட அந்தக் கையும் பரப்பி வைக்கப்பட்டன. அக்கா கதவோரம் நின்றார். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நம்ம லாட்டுதான் மேடம். ஷேடு மாறிப்போச்சுன்னு போன வருஷம் ரிஜெக்ட் பண்ணோமே, அது. வெளிய போயிடுச்சு." பிறகு தையலைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஆனா இது கையால தச்சது. நீயா தச்ச?"

"ஆமா மாஸ்டர்."

"இவ்ளோ வளைஞ்சிருக்கே, யாருக்கு இது?" என்றார் மேடம்.

எனக்குத்தான் என்று சொல்லி, பதினெட்டாம் நூற்றாண்டு, கவுன், மியூசியம் என்று விளக்கினேன். எனக்கே ஒரு கிறுக்கி பேசுவது போலக் கேட்டது. போனில் இருந்த படங்களைக் காட்டினேன். மேடம் கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார், முகம் இளகியது. மறுபடி இறுகியது.

"இதுல லைனிங் இருக்கு. நடுவுல எதையாவது வெச்சுத் தைச்சிருந்தா? மாஸ்டர், பிரிச்சுப் பாத்துடுங்க."

மாஸ்டர் நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்தார். தோள் பக்கத்து விளிம்பில் அதன் முனையை வைத்தார். ஓர் அங்குலத்துக்குப் பதினாலு தையல், மூன்று வாரச் சாப்பாட்டு வேளை.

"இல்ல, ஒண்ணு சொல்லுங்க," என்றார் மேடம் என்னிடம். "தினமும் கொண்டுவந்து கொண்டுபோறீங்கன்னா செக்யூரிட்டிக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியுமா? தெரியும்னா நீங்க மறைக்கலன்னு எடுத்துக்கிறேன். தெரியாதுன்னா இது திருட்டுதான்."

"தெரியும் மேடம்," என்றேன். "அக்காவுக்குத் தெரியும். முதல்லயே காட்டிட்டேன்."

பையைக் காட்டினேன், துணியைக் காட்டவில்லை என்று சொல்ல இன்னும் நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தையை நான் சொல்லவில்லை. மாஸ்டர் டிரிம்மரைக் கீழே வைத்தார்.

"அப்படியா?" என்று மேடம் கதவுப் பக்கம் கேட்டார்.

"ஆமா மேடம்," என்று அக்காவின் குரல் வந்தது.

பையையும் கவுன் கையையும் திருப்பிக் கொடுத்து, போகலாம் என்றார்கள். நான் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் சாம்பிளும் கிடைத்துவிட்டது. ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் சார் கேளம்பாக்கத்தில் யாரிடமோ காட்டுவதற்காக எடுத்துப் போய், திருப்பி வைக்க மறந்திருக்கிறார். அது அவருடைய கார் டிக்கியில் இருந்தது. அந்த டிக்கியை எங்கள் கேட்டில் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மறுநாள் மறைப்புக்குள் வேறொரு பெண் நின்றாள். அக்கா எங்கே என்றால் ஏஜென்சியைக் கேளுங்கள் என்றாள். எனக்கோ அதற்குப் பிறகு எல்லாம் நல்லதாகவே நடந்தது. மேடம் கூப்பிட்டு, "சாரி, பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். கம்பெனியில் பெண்கள் தினம் கொண்டாடியபோது அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வரச் சொன்னார். வந்தேன். முன்பக்கம் முழுக்கக் குண்டூசி குத்தி, முழங்கைக்குக் கீழே சுருக்கு வைத்து, இரண்டு வருடமாக நான் ஆசைப்பட்ட அதே உருவத்தில் எல்லார் முன்னாலும் நின்றேன். கைதட்டினார்கள். போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு கூடுவாஞ்சேரி போனேன். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு புது அபார்ட்மென்ட், அதன் கேட்டில் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரம் வரை பஸ், அப்புறம் ரயில், அப்புறம் ஆட்டோ. என்னைப் பார்த்ததும் எழுந்து, தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா. நான் உங்க பேரைச் சொல்லியிருக்கக் கூடாது."

"கேட்டாங்க, சொன்ன. உனக்கும் வேல போயிடும்ல."

"துணி இருந்தது உங்களுக்குத் தெரியாதுன்னாவது சொல்லியிருக்கணும்."

"நானும்தான் சொல்லியிருக்கலாம். சொன்னா உன்னைத் திருடின்னு முடிவு கட்டிருப்பாங்க. வுடு." கையிலிருந்த ரெஜிஸ்டரை மூடினார். "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் வாசல்ல நின்னுகினு உன்னையே பாத்துகினு இருந்தேன். நீ அந்தத் துணியையே பாத்துகினு இருந்த. ஒரு வாட்டி என்னைப் பாத்துட்டு சொல்லியிருக்கலாம்."

ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அக்கா கேட்டைத் திறக்கப் போனார்.

வேலை போய்விடும் என்று பயந்துதான் சொன்னேன் என அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். நான் அதைத் திருத்தவில்லை. அந்த அறையில் எனக்கு வேலை ஞாபகத்தில் இல்லை, பெண் ஞாபகத்தில் இல்லை, அக்காவும் ஞாபகத்தில் இல்லை. மாஸ்டர் அந்தக் கையைப் பிரித்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் இருந்தது.