அரக்குப் பட்டில் ஒரு மஞ்சள் கறை

என் கல்யாணம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அக்கா உடுத்தியிருந்த அரக்கு நிறப் பட்டுப் புடவைதான். அரியாங்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, தலை நிறைய மல்லிகையோடு, எங்களுக்கெல்லாம் முன்னால் மண்டபத்துக்கு வந்துவிட்டாள். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுதான் போடுவான். மற்ற இரண்டையும் அவனோடு பிறந்தவள் போட வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அக்கா. அந்த இரண்டு முடிச்சுக்காகவே தன் வீட்டுக்காரரை, எங்கள் மாமாவை, நச்சரித்து வாங்கிய புடவை அது.

கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் எங்கள் பெரியம்மா அவளுக்குக் குறுக்கே கையை நீட்டினார். “நீ அந்தாண்ட நில்லும்மா. சாவப்போன கை தாலியில படக் கூடாது.” சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தன் மகளை முன்னால் தள்ளினார். மேளம் முழங்கியது, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. அக்கா தூணோரமாக நின்று எங்கள்மேல் அட்சதை தூவினாள்.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் கை பரபரக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. ஆனால் பழையதைச் சொல்லாமல் இது விளங்காது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு, பத்தொன்பது வயதில், ஒருநாள் உயிரை விடத் துணிந்தாள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது போலீஸ் கேஸ். கண் விழித்த மறுநாளே கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு ஏட்டு எழுதிக்கொண்டார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என்ன திருடிவிட்டாள் என்று எழுதுகிறார்கள் என எனக்குப் புரியவில்லை. தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கோழை என்றார் ஒருவர், திமிர் என்றார் இன்னொருவர், குடும்பத்துக்கே தோஷம் என்றார் பெரியம்மா. உனக்கு என்னம்மா கஷ்டம் என்று கேட்டது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மட்டும்தான். மாதாமாதம் அவரிடம் போய்ப் பேசிப் பேசித்தான் அக்கா மீண்டாள். பிறகு எல்லாம் தெரிந்தே மாமா அவளைக் கட்டிக்கொண்டார். ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்: “செத்துப் போயிருந்தா அய்யோ பாவம்னு அழுதிருப்பாங்கடா. பொழைச்சு வந்தேன் பாரு, அதைத்தான் இவங்களால தாங்க முடியல.”

நான் பத்தாவதோடு நின்றவன், இரும்புக் கடையில் வேலை. பெரிய தர்ம நியாயம் பேசத் தெரியாது. சாகத் துணிவது சரி என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். அன்று அவள் போயிருந்தால் எங்கள் வீடு எழுந்தே இருக்காது. ஆனால் மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்தவனைக் கல்யாணத்தில் தள்ளி நிற்கச் சொல்வோமா? மனசு தாங்காமல் விழுந்து எழுந்தவளை மட்டும் ஏன் சொல்கிறோம்? அப்படிச் செத்தே போனவரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அவர் பட்டது நமக்குத் தெரியாது. தெரியாததற்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது?

போன வாரம் என் மகனுக்குக் கல்யாணம். அவனுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. அப்படியானால் அத்தைதான் முடிச்சுப் போட வேண்டும். அக்காவிடம் முன்பே சொன்னேன், அதெல்லாம் வாணாம்டா என்றுவிட்டாள். ஆனால் காலையில் அந்த அரக்குப் புடவையில் வந்து நின்றாள். என் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அய்யர் தாலியை மகன் கையில் கொடுத்தார். பெரியம்மா, இந்த வயதிலும் முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து, தன் பேத்தியின் முதுகில் கைவைத்தார். நாலு பேர் எதிரில் எனக்கு நா எழாது. எப்படி எழுந்ததோ தெரியவில்லை. “அக்கா, நீ வா,” என்றேன்.

“புத்தி கெட்டுப்போச்சாடா ஒனக்கு? புள்ள நல்லா இருக்க வாணாமா?” என்றார் பெரியம்மா.

மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி நிற்கிறார். நல்ல நேரம் போகிறது என்கிறார் அய்யர். அக்கா பின்னால் நகர்கிறாள். மகன் தாலியைப் பிடித்தபடி, “அப்பா, கை வலிக்குதுப்பா,” என்கிறான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் மனைவி பெரியம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

“அத்தை, அன்னைக்கு உங்க மவ போட்ட முடிச்சு பந்தியில உக்காரும்போதே அவுந்துபோச்சு. ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு மூணு முடிச்சையும் திரும்பப் போட்டது அண்ணி. நாங்க நல்லாத்தான இருக்கோம்?”

எனக்கே அப்போதுதான் தெரியும்! புதுப்பெண் தாலி அவிழ்ந்தது வெளியே தெரிந்தால் ராசி கெட்டவள் என்று அவளையும் ஒதுக்கிவிடுவார்கள், யாரிடமும் மூச்சுவிடாதே என்று அக்கா சொல்லியிருக்கிறாள். தன்னைத் தள்ளி வைத்த கொஞ்ச நேரத்திலேயே, முன்பின் பழகாத ஒரு பெண்ணை அதே பேச்சிலிருந்து காப்பாற்றியிருக்கிறாள்.

“நான் இறுக்கித்தான் போட்டேன்,” என்று முனகினாள் பெரியம்மாவின் மகள். பெரியம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அக்காவைப் பார்த்து, “ஏன் நிக்கற? போய்ப் போடு. இதையாவது அவுராம போடு,” என்றார்.

கெட்டிமேளம் கொட்டியது. இந்தமுறை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். மகன் ஒன்று, அக்கா இரண்டு. பொறுமையாக, இழுத்துச் சரிபார்த்துப் போட்டாள். முடித்ததும் விரலில் ஒட்டிய மஞ்சளைப் பழக்கதோஷத்தில் முந்தானையில் துடைத்தாள். “நல்ல பட்டாச்சே அண்ணி,” என்று பதறி என் மனைவி அதைத் தட்டிவிடக் குனிந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு விரல் அகலத்துக்கு மங்கிய மஞ்சள் கறை இருந்தது. புதியது அதன் பக்கத்திலேயே ஈரமாக இருந்தது. என் மனைவி துடைக்காமல் விட்டுவிட்டாள்.