ராகத்தின் இரண்டு குரல்கள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ராகம். வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. சேர்ந்த புதிதில் ஒவ்வொரு சொல்லின் வாலையும் இழுத்து, பாட்டுப் பாடுவதுபோலப் பேசினாள். பிறந்த ஊர்ப் பேச்சு அப்படி, அவள் என்ன செய்வாள்? "இன்னொரு தடவை உங்க ஊர் வாசனை அடிச்சா நேரா வீட்டுக்குத்தான்" என்றார் மேலாளர். அன்றோடு இழுவையை நறுக்கென்று வெட்டிவிட்டாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஹெட்போன் தலையில் ஏறினால் ஒருத்தி, இறங்கினால் வேறொருத்தி.

ஒருநாள் மாலை மேலாளர் மேசைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கைபேசிகளை வாசலிலேயே பூட்டிவிடுவார்கள். அவசரத்துக்கு அந்த மேசைப் போன்தான். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த அக்கா பதறினாள்.

"உங்க வீட்டுல ஏதோ தீயுற நாத்தம் வருது. தட்டித் தட்டிப் பாத்துட்டேன், பொண்ணு திறக்க மாட்டேங்குறா!"

எப்படித் திறப்பாள்? அம்மா குரல் கேட்டாலொழிய யாருக்கும் தாழ்ப்பாளைத் தொடாதே என்று அந்த ஏழு வயதுக்காரியிடம் தினமும் படித்துப் படித்துச் சொன்னவள் இவள்தானே. அப்பனுக்கோ வெளியூரில் வேலை.

அழைப்பைத் துண்டித்து வீட்டு எண்ணை அழுத்தினாள். எதிரில் மேலாளர் நின்றார். பழக்கம் யாரை விட்டது?

"வணக்கம். அம்மா பேசறேன். கொஞ்சம் கதவைத் திறக்க முடியுமா?"

மறுமுனையில் மகளின் குரல் கறாராக வந்தது. "நீங்க எங்க அம்மா இல்ல." டொக்கென்று வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. உள்ளே புகை எவ்வளவு சூழ்ந்திருக்கிறதோ! மூன்றாவது முறை எடுத்தாள் மகள்.

வேலையாவது மண்ணாவது.

"கண்ணூ... என் தங்கமேஏஏ... அம்மாதான்டீஈ... ஓடிப்போய்க் கதவத் திறடீ ராசாத்தீஈ..."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

"அம்மாவா!"

தாழ்ப்பாள் விலகும் ஓசை. சற்று நேரத்தில் அக்கா போனை எடுத்தாள். "அடுப்புல அவ சுட வச்ச பால் பாத்திரம் கருகிப்போச்சு, வேற ஒண்ணுமில்ல. நான் தட்டுனதுக்குப் பயந்து உள் ரூம்ல ஒளிஞ்சிருந்திருக்கா."

இவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மேலாளர் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

இப்போது மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, மொதல்ல ஒரு ஆன்ட்டி உன்ன மாதிரியே நடிச்சாங்க. நான் ஏமாறவே இல்ல. சமத்துதானே நானு?"

"சமத்துதான்டீ கண்ணூ" என்றாள், அழுகை நிற்காமலே.