காற்றுக்கு முதுகு காட்டி

விபத்தையும் திருவிழாவையும் ஊரே கொண்டுவந்து கொடுத்துவிடும், காற்றை மட்டும் பகுதிநேர நிருபர்தான் ஓடிப் பிடிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அடிபட்ட உங்களுக்குத் தெரியும்.

சுற்றுவது செய்தியா?

புயல் காரைக்காலுக்கு வடக்கே கரையேறினால் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று கடலைத் தள்ளி வைக்கும். தெற்கே ஏறினால் கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று கடலை ஊருக்குள் கொண்டுவரும். எந்தப் பக்கம் என்பது காரைக்காலை அடுத்த பட்டினச்சேரி மீனவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. ரேடியோவோ "நாகைக்கும் கடலூருக்கும் இடையே" என்று முடித்துக்கொள்ளும்.

பூமி சுழல்வதால் நம் வடபாதி உலகில் ஓடும் காற்றெல்லாம் வலப்பக்கம் ஒதுங்குகிறது. அதனால் புயலின் நடுவை நோக்கிப் பாயும் காற்று நடுவைத் தொடாமல் வலப்பக்கம் விலகி, அதைச் சுற்றி இடஞ்சுழியாக வீசுகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடக்கைப் பக்கம் புயல். எழுபதுகளின் கடைசியில் இப்படி ஒரு கட்டுரை அனுப்பினேன். செய்தி ஆசிரியர் டிரங்க் காலில் சொன்னார்: "சார், பூமி சுத்துறது நியூஸ் இல்ல. நின்னா உடனே சொல்லுங்க."

ஹமீது பாயின் தட்டு

நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்காக, மைக்செட் கடை ஹமீது பாயின் ரெக்கார்டு தட்டில் காகிதம் ஒட்டிச் சுழலவிட்டு, நடுவிலிருந்து வெளியே நேராகப் பென்சிலை இழுத்தேன். கோடு வளைந்தது, ஆனால் இடப்பக்கம். வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமி சுற்றுவதற்கு நேர் எதிராகத் தட்டு சுற்றுகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. கையால் திருப்பிச் சுழற்றியதும் கோடு வலப்பக்கம் வந்தது. பாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார்: "பூமி சரியாயிடுச்சு, நிருபரே. என் மோட்டாருதான் போச்சு."

வாடை

அதே விதியால்தான் வடக்கிலிருந்து கிளம்பும் வாடைக்காற்று நேரே வராமல் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஒரு ஐப்பசியில் "பட்டினச்சேரியில் வாடை வலுக்கிறது, மீனவர்கள் அவதி" என்று போனில் செய்தி கொடுத்தேன். கடலையே பார்க்காத உதவி ஆசிரியர் அதைத் "துர்நாற்றம்" என்று திருத்தித் தலைப்பாகவே போட்டுவிட்டார். மறுநாள் சுகாதாரத் துறையிலிருந்து பிளீச்சிங் பவுடரோடு இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கட்டுமரத்தில் உட்கார்ந்திருந்த மாரிமுத்து என்னைக் கூப்பிட்டார்: "காத்துக்கு மருந்தடிக்க வந்துருக்காங்க சார். எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு காட்டிவுடுங்க."

மற்ற கை

அந்தத் தவறுக்கு ஈடாக, அன்று போடாமல் விட்ட என் புயல் கட்டுரையைப் போடச் சொல்லி அச்சேற்றினேன். அடுத்த மழைக்காலத்தில் புயல் வந்த காலை, பட்டினச்சேரிக்குப் போனேன். ஆணும் பெண்ணுமாக மணலில் காற்றுக்கு முதுகைக் காட்டி, இடக்கையை நீட்டி நின்றார்கள். வடகிழக்குக் காற்று, கைகள் தென்கிழக்கே காட்டின. அது கிழக்குக் காற்றாகத் திரும்பத் திரும்ப, கைகளும் தெற்கே திரும்பின. புயல் தெற்கே போகிறது, கடல் வரும்.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டி பானையோடு ஊரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. மதியத்துக்கு மேல் கடல் வந்து குடிசைகளைக் கொண்டுபோனது. ஆள் ஒருவரையும் கொண்டுபோகவில்லை. பள்ளிக்கூடத்தில் மாரிமுத்துவின் மனைவி சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு சோத்துக்கைய நீட்டி, புயலு மேக்க, திருநள்ளாத்துல நிக்குதுன்னாரு சார். பேப்பர்ல போட்டது மத்த கைன்னு நான்தான் திருப்பிவுட்டேன்."

அந்தப் புயல் செய்தியில் என் பெயர் வரவில்லை, 'நமது நிருபர்' என்றுதான் இருந்தது. அந்த 'நமது' பட்டினச்சேரியையும் சேர்த்துத்தான் என்று நானாக வைத்துக்கொண்டேன்.