ஒரு விரல் வெளிச்சவீடு

பாட்டு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு மனிதருடைய வேலைக்கு ஆபத்து!

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஜெமீல் என் வீட்டுக்கு வந்தார். கிண்ணியாக்காரர். ஹனீபா ஹாஜியாரின் மீன்பிடிப் போட்டில் பதினொரு வருடமாகத் தூண்டில் போடுகிறவர். வரும்போதெல்லாம் கையில் ஒரு மீன் இருக்கும். அன்று போன் மட்டும்தான் இருந்தது.

“சேர், நீங்க பேப்பர்ல இருந்த ஆள். இந்தப் பாட்டைக் கேட்டுப்போட்டு, இது சும்மா பகிடி எண்டு ஹாஜியாரிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தாங்க.”

கேட்டேன். மெட்டு உங்களுக்கும் தெரியும். பஸ்ஸில், கல்யாண வீட்டில், முடிவெட்டும் கடையில் என்று சில மாதங்களாக நம்மைத் துரத்துகிறதே ஒரு காதல் பாட்டு... காதலி போனை எடுக்கவில்லை என்று ஒருவர் உருகுவாரே... அதே மெட்டு. வரிகள்தான் வேறு. இதில் கலவாய் மீன் தூண்டிலை எடுக்கவில்லை என்று ஒருவர் உருகுகிறார்.

உருகுகிறவர் ‘கீபோட்’ றிஸ்வி. பிரபலமான பாட்டுகளைக் கொமெடியாக மாற்றிக் கல்யாண வீடுகளில் பாடுகிறவர், வீடியோவும் போடுகிறவர். ஜெமீலின் தங்கையைக் கட்டியவர்.

“கோயில் கோபுரம் பின்னால போன் டவர் ஒளிய,
மலைக்கு வெளியால வெளிச்சவீடு ஒரு விரல் தெரிய,
அந்த இடத்தில காத்து நிக்கிறன் கண்ணே கலவாயே —
இரையைத் தொட்டும் பாக்காமப் போறியே போறியே!”

நான் சிரித்தேன். ஜெமீல் சிரிக்கவில்லை.

கடல் தெரியாத வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் வேண்டும். நல்ல மீன் கடலடிப் பாறையில்தான் நிற்கும். அந்தப் பாறை மேலே தெரியாது. ஆகவே கரையில் தெரியும் இரண்டு பொருட்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு இன்னொரு திசையில் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் நங்கூரம். கையை நீட்டி விரலால் இடைவெளியை அளப்பதும் உண்டு. ஒவ்வொரு போட்டுக்கும் இப்படிச் சில இடங்கள் இருக்கும். பெண் கொடுத்த வீட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

ஜீபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள். ஹாஜியாரிடம் இருக்கிறது. ஆனால் ஒரு கலவாய்ப் பாறையை மட்டும் அதில் பதியவில்லை. “மெசினைக் களவெடுக்கலாம். என்ட கண்ணைக் களவெடுக்க ஏலாது” என்பது அவர் கட்சி.

அந்த இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஹாஜியார், ஜெமீல். இப்போது, பாட்டு சரியென்றால், அதைக் கேட்ட அத்தனை பேர்!

“வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு முடிவு சொல்றன், அதுவரைக்கும் போட்டில ஏறாதே எண்டுட்டார்” என்றார் ஜெமீல். “நான் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல சேர். மச்சான் வாய்க்கு வந்ததைப் பாடிட்டான்.”

நம்பினேனா? பாதி. பகிடிக்குத் துல்லியம் தேவையில்லை. சும்மா பாடுகிறவன் ‘கோபுரம் தெரியுது, டவர் தெரியுது’ என்று பாடிவிட்டுப் போவான். ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிய வேண்டும் என்று நிபந்தனை போட மாட்டான். அதுவும் ஒரு விரல் கணக்கில்!

அன்று பின்னேரமே பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். றிஸ்வி கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“ஏன் ஒரு விரல்? ரெண்டு விரல் எண்டு போட்டிருக்கலாமே?”

“மெட்டுக்குள்ள அடங்காது சேர்.”

“டவர் ஏன் கோயிலுக்குப் பின்னால ஒளியுது?”

“வெக்கத்தில!” என்றார் றிஸ்வி. தானே சிரித்தார். கொமெடிக்காரர்களிடம் விசாரிப்பதில் உள்ள கஷ்டம் இதுதான். பதில் வந்த மாதிரியும் இருக்கும், வராத மாதிரியும் இருக்கும்.

“ஜெமீல் கடலைப் பற்றி வீட்டில ஏதாவது கதைப்பாரா?”

“சீச்சீ! அந்தாள் வாயைத் திறக்காது.”

தேத்தண்ணி போட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்ற அவர் மனைவி, தன் அண்ணனின் பேச்சு வந்ததும் சிரித்தார். “ஓம் சேர், காக்கா கதைக்கவே மாட்டாங்க. நித்திரையில மட்டும்தான்.”

றிஸ்வி அவரைப் பார்த்தார். பிறகு கீபோட்டைப் பார்த்தார். பிறகு என் கோப்பையைப் பார்த்து, “சீனி காணுமா சேர்?” என்றார்.

கடலிலிருந்து வந்தால் ஜெமீல் தங்கை வீட்டு மண்டபத்தில்தான் மத்தியானம் படுப்பார். அது எனக்கும் தெரியும். கீபோட் இருப்பதும் அதே மண்டபத்தில்தான். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. சீனி காணும், இனிப்புப் போதும் என்றேன்.

புதனும் வியாழனும் கரைக்குப் போய்ப் பார்த்தேன். கரை நாறிப்போயிருந்தது, மீனால் அல்ல, சந்தேகத்தால். ஒருவர் போட்டைத் தள்ளிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தார். பக்கத்துப் போட்டுக்காரர், “என்ன காக்கா, பாட்டில புது ஆசையோ?” என்று சீண்டினார். “மெட்டு நல்லாயிருக்கு தம்பி, வேறொண்டுமில்ல.” அவர் போட்டும் போனது, இவர் போட்டும் போனது. இரண்டும் ஒரே பக்கமாக! தூரத்தில் போட்டுகளில் நின்றபடி ஆட்கள் கையை நீட்டி ஒரு விரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். கடலே யாரையோ பேச வேண்டாம் என்று எச்சரிப்பது போலிருந்தது.

திரும்பி வந்தவர்களிடம் விசாரித்தேன். மீன் பட்டதா?

“ஒண்டுமில்ல சேர்.”

எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். இதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? மீன் படாதவனும் ஒன்றுமில்லை என்பான். அள்ளிக்கொண்டு வந்தவனும் ஒன்றுமில்லை என்பான். எத்தனையோ வருடம் பத்திரிகையில் தகவல் சரிபார்த்த எனக்கு, எங்கள் கரை மட்டும் இதுவரை பிடிகொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து ஹாஜியார் கரையோரத்தில் இருக்கும் தன் வாடிக் கொட்டிலில், வலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன், ஜெமீல் வாசலில் நின்றார். அவரை ஹாஜியார் உள்ளே வரச் சொல்லவில்லை, அவர் வரவும் இல்லை.

“நீங்க விசாரிச்சீங்க எண்டு கேள்விப்பட்டன் சேர்” என்றார் ஹாஜியார். “என்ன தெரிஞ்சுது?”

நித்திரைக் கதை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஜெமீலின் பதினொரு வருடம் அத்தோடு போய்விடும். நான் இன்னொரு கேள்வி கேட்டுத் தப்பினேன். “முதல்ல நீங்கள் சொல்லுங்கோ ஹாஜியார். பாட்டில வாற அடையாளம் சரியா, பிழையா?”

அவர் பக்கவாட்டில் பார்த்தார். எப்படிப் பேசுவார்? அடுத்த வாடியில் இரண்டு பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். ஊசி அசையவில்லை. காது மட்டும்தான் வேலை செய்தது.

ஜெமீல் அப்போதுதான் வாயைத் திறந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

“ஹாஜியார், என்னை இறக்குங்க, அது உங்கட இஷ்டம். ஆனா இண்டைக்கு இறக்கினீங்க எண்டா, பாட்டு சரிதான் எண்டு நீங்களே ஊருக்குச் சொன்ன மாதிரி. நாளைக்கு விடிய கரையில இருக்கிற முழுப் போட்டும் அங்கதான் நிக்கும்.”

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். பத்திரிகைத் தொழிலில் முதலில் கற்ற பாடம் அல்லவா இது! ஒரு வதந்தியை நாங்கள் நம்பத் தொடங்குவதே, அதற்கு மறுப்பு அறிக்கை வந்த பிறகுதான். இந்த மனிதர் இதை எப்போது யோசித்தார்? இன்றைக்கா, செவ்வாய்க்கிழமையா... அல்லது பாட்டு வருவதற்கு முன்னமேயா? எனக்கு இன்னும் தெரியாது.

ஹாஜியார் தாடியைத் தடவினார். பிறகு சிரித்தார், அடுத்த வாடிக்குக் கேட்கிற மாதிரி உரத்து. “டேய், அந்தப் பாட்டை என்ட போனில போட்டுத் தா. ஆரும் கோல் எடுத்தா அதுதான் அடிக்கோணும்!” குரலைக் குறைத்துக்கொண்டு, “காலையில நேரத்துக்கு வா” என்றார்.

இப்போது ஹாஜியாரின் போன் அடிக்கும்போதெல்லாம் கரையே சிரிக்கிறது. தன்னுடைய ரகசியத்தை யாராவது ரிங்டோனாக வைத்துக்கொள்வானா? ஆகவே பாட்டு வெறும் பகிடிதான் என்று கரை தீர்ப்பு எழுதிவிட்டது. போட்டுகள் பழையபடி தங்கள் தங்கள் இடங்களுக்குப் போகின்றன.

ஞாயிறு மத்தியானம் ஜெமீல் வந்தார். கையில் ஒரு பை.

“எப்பிடி, மீன் பட்டதா?”

“ஒண்டுமில்ல சேர்” என்றபடி பையை நீட்டினார். உள்ளே ஒற்றைக் கலவாய். குசினிக்குக் கொண்டுபோய் இறக்குவதற்குள் பையின் பிடி என் விரலில் பள்ளம் விழுத்திவிட்டது.

இதை எழுதலாமா என்று ஹாஜியாரிடம் முறைப்படி கேட்டேன். பாட்டு வரிகளில் இரண்டு சொல்லை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“ஒண்டையும் மாத்தாம எழுதுங்க சேர். பேப்பர்ல வந்தா எவன் நம்பப் போறான்?”