ஓடும் பஸ்ஸில் கணக்கு வகுப்பு

இன்று காலை பள்ளத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் என் பத்தாம் வகுப்பு மாணவிகள் இருவர். பின்னால் நான் இருப்பதை அவர்கள் பார்க்கவில்லை.

முதல் பாடவேளையில் என்னுடைய கணக்குப் பரீட்சை.

"எனக்கு வரவே வராதுடி. இதுலயும் ஃபெயிலானா எங்கப்பா படிப்பை நிறுத்திருவாக" என்று ராணி அழுதுகொண்டிருந்தாள்.

"அழுகாம இங்க பாரு. பெருக்குனா ஆறு வரணும், கூட்டுனா மைனஸ் அஞ்சு வரணும். புரிஞ்சுச்சா? தலையை ஆட்டாதே, வாயைத் திறந்து சொல்லு" என்றாள் சத்யா.

அப்படியே என் குரல். வகுப்பில் ஜன்னலை மட்டுமே பார்க்கும் பெண் இவள். நான் நடத்துவது சுவருக்குத்தான் கேட்கிறது என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு, மூணு" என்றாள் ராணி.

என்னால் அடக்க முடியவில்லை. "மைனஸ் எங்கே போச்சு?" என்றேன்.

இருவரும் விருட்டென்று எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்று ராகம் போட்டார்கள்.

பக்கத்தில் கூடையோடு நின்ற ஓர் அம்மா அந்த நொடியே கூடையையும் வைத்துக்கொண்டு அவர்கள் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க மரியாதை குடுங்க தாயி, நான் செத்த உக்காந்துக்கிறேன்."

மீதிக் கணக்குகளைக் கம்பியைப் பிடித்தபடியே போட்டார்கள். காரைக்குடி வருவதற்குள் ராணி அழுகையை மறந்து, விடையை முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

மாலையில் அவள் தாளைத்தான் முதலில் தேடித் திருத்தினேன். பாஸ்! தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சத்யா விஷயம் எங்கள் ஹெச்.எம்.முக்குத் தெரிய வேண்டாம். வகுப்பை அவளிடம் கொடுத்துவிட்டு என்னைக் கணக்கெடுப்புக்கு அனுப்பிவிடுவார்.