ஓடினால் பசிக்கும்

எனக்குத் தரப்பட்ட பாடம் சுகாதாரமும் உடற்கல்வியும். இணுவிலிலிருந்து சைக்கிளில் போய், சண்டிலிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அதைப் படிப்பித்தேன். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கிய பிறகு அந்தப் பாடத்தின் இரண்டு பாதிகளையும் படிப்பிப்பது கஷ்டமாகிவிட்டது. மைதானத்தின் ஒரு கரை நெடுக, விமானக் குண்டுக்குப் பதுங்க, பங்கர் வெட்டியிருந்தோம். மிச்ச இடத்தில் பிள்ளைகள் ஓடும்போது என் ஒரு காது வானத்திலேயே இருக்கும். வகுப்பில் சமபல உணவு என்ற பகுதிக்கு வந்தால் புத்தகத்தில் பால், முட்டை, ஈரல், பட்டர் எல்லாம் படமாக இருந்தன. பட்டரைப் பார்த்து ஒரு பிள்ளை, இது என்ன சவர்க்காரமா என்று கேட்டது. வகுப்பு சிரித்தது. சவர்க்காரமும் அப்போது கடைகளில் இல்லை.

காங்கேசன்துறைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஒரு கோயில் மடத்தில் தங்கியிருந்தன. அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். தகப்பன் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது தோட்டங்களில் கூலிக்குப் போனார். தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் இல்லாமல் தோட்டங்களே பாதி காய்ந்து கிடந்ததால், அந்த வேலையும் எல்லா நாளும் இல்லை. வீட்டில் இவள்தான் மூத்தவள். கீழே சின்னனாக இரண்டு பேர்.

அவள் ஓடுவதை முதலில் பார்த்த அன்று நான் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றேன். மெலிந்த கால்கள். நிலத்தில் பட்டும் படாமலும் போனாள். அடுத்த தவணையில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அவளை எடுத்துப் பழக்கத் தொடங்கினேன். ஒரு கிழமை போயிருக்கும். காலைப் பிரார்த்தனையில் அவள் மயங்கி விழுந்தாள். அந்த நாட்களில் அப்படி விழுவது புதினமல்ல. நிழலுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் தெளித்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தேத்தண்ணி குடித்தேன் என்றாள். சீனி போட்டதா என்று கேட்டதும் எழும்பி வகுப்புக்குப் போகப் பார்த்தாள்.

மறுநாள் அவளுடைய தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. பிள்ளையை ஓட விடாதேங்கோ. ஓடிப்போட்டு வந்தா அவளுக்குப் பசிக்குது. குடுக்க என்னட்டை ஒண்டும் இல்லை."

வளருகிற வயதில் உடற்பயிற்சி எவ்வளவு அவசியம் என்று நான் தொடங்கினேன். பயிற்சிக் கலாசாலையில் பாடமாக்கிய வசனங்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும், நீங்கள் சொல்வது சரிதான் ரீச்சர் என்று ஒத்துக்கொண்டு, அதே வேண்டுகோளை அதே குரலில் இன்னொரு தரம் சொன்னார். நான் ஓம் என்றேன்.

அன்று பின்னேரம் அதிபரிடம் போய், காலையில் கஞ்சி காய்ச்சாமல் இனி நான் ஒரு பிள்ளையையும் மைதானத்தில் இறக்கமாட்டேன் என்று சொன்னேன். அவர் கோபக்காரர். ஆனாலும் அன்று கோபப்படவில்லை. அரிசிக்கு எங்கே போவாய் என்று மட்டும் கேட்டார். தோட்டக்காரர்களிடம் போனோம். முளைக்கீரை தந்தார்கள், முருங்கையிலையை நீங்களே ஒடித்துக்கொண்டு போங்கள் என்றார்கள். ஒருவர் பயறு தந்தார். கூட்டுறவுச் சங்கக்கடைக்காரர் கூப்பன் அரிசியில் உடைந்து மிஞ்சிய குறுநலை ஒதுக்கி வைத்தார். காய்ச்ச ஆள் வேண்டும் என்றபோது அந்தத் தாய் தானாகவே வந்தார்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், பங்கருக்குப் பக்கத்தில், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார். புகை மேலே தெரியக்கூடாது என்று காய்ந்த விறகாகப் பார்த்துப் பொறுக்குவார். பிள்ளைகள் சிரட்டையிலும் ரின்பால் தகரப் பேணியிலும் வாங்கிக் குடித்தார்கள். மயங்கி விழுவது குறைந்தது. கஞ்சி உள்ள நாளில் மகள் ஓடலாம் என்று தாய் விட்டுக்கொடுத்தார்.

அந்தத் தவணை இரத்தச்சோகை பற்றிய பாடம் வந்தது. இரும்புச்சத்துக் குறைந்தால் கீழ் இமையின் உட்பக்கம் வெளிறிப்போகும் என்று சொல்லி, ஒருவர் கண்ணை ஒருவர் இழுத்துப் பார்க்கச் செய்தேன். அவர்களுக்கு அது விளையாட்டு. நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். நல்ல சிவப்பை எங்கேயும் காணவில்லை.

மறுநாள் காலை அந்தப் பிள்ளை மணியடிக்க முன்னமே என்னைத் தேடி வந்தாள்.

"ரீச்சர், அம்மான்ரை கண்ணைப் பாத்தனான். உள்ளுக்கை சிவப்பே இல்லை. கடதாசி மாதிரிக் கிடக்கு."

அடுப்படிக்குப் போய்த் தாயின் இமையை நானே இழுத்துப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. அப்போதுதான் அவர், தனக்கு வயிற்றில் பிள்ளை என்றும், ஐந்து மாதம் முடிந்துவிட்டது என்றும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மடத்தில் இத்தனை சனத்துக்கு நடுவில் இதையும் சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

கையோடு மருத்துவமாதுவிடம் கூட்டிப் போனேன். அவர் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். இரத்தம் மிகவும் குறைவு, இரும்புச்சத்துக் குளிசை முடிந்து பல நாளாகிறது, கப்பல் வந்தால்தான் மருந்து வரும் என்றார். பிறகு தாயிடம் திரும்பி, ஈரல் சாப்பிடுங்கள், முட்டை சாப்பிடுங்கள், மீன் சாப்பிடுங்கள் என்றார். என் புத்தகத்தில் இருந்த அதே படங்கள். தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடலுக்குப் போகத் தடை இருந்த காலம் அது.

எங்களிடம் இருந்தது கீரைதான். அவருக்கென்று இலை கூடப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, ஒரு பேணி கஞ்சியை நான் தனியாக எடுத்து வைத்தேன். வீட்டில் போய்க் குடிக்கிறேன் என்று கொண்டு போவார். அதைத் தம்பிக்கும் தங்கைக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார் என்று மகள் சொன்னாள். அதன்பிறகு என் கண்முன்னால் குடிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தினேன். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, விழுங்கக் கஷ்டப்படுகிறவர்போலக் குடித்தார். இரண்டு மாதத்தில் மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு குண்டுவீச்சு கூடியது. எங்கள் பக்கத்துத் தோட்டவெளியில் ஒன்று விழுந்ததும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கஞ்சியும் நின்றது. நான் வீட்டில் இருந்தேன். வீதிக்கு இறங்கவே முடியாத நாட்கள். சண்டிலிப்பாய் சைக்கிளில் கொஞ்ச தூரம்தான், ஆனாலும் போகவில்லை, வீட்டார் போக விடவுமில்லை.

மூடியிருந்த அந்த நாட்களில்தான் அந்தத் தாய்க்கு வலி கண்டது. வாகனம் ஒன்றும் ஓடவில்லை. யாரோ ஒருவருடைய மாட்டுவண்டியில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை உயிரோடு பிறந்தது. தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏற்ற இரத்தம் இருக்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்ததும் அதே வண்டியில்தான்.

பள்ளிக்கூடம் திறந்தும் மகள் வராததால் விசாரித்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. மடத்துக்குப் போனேன். தகப்பன் வெளியே, சைக்கிள் ரியூப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒட்டாமல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். உள்ளே அவள் குழந்தையை மடியில் கிடத்தி, கரண்டியால் எதையோ பருக்கிக்கொண்டிருந்தாள். வடித்த சோற்றுத் தண்ணீர். எங்கேயாவது கேட்டுப் பால்மா எடுத்துத் தருகிறேன், நீ பள்ளிக்கூடம் வா என்றேன்.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். "நான் வந்தா இவையளை ஆர் பாக்கிறது, ரீச்சர்?"

பிறகு அவள், பால்மா கிடைக்காவிட்டால் எத்தனையாம் மாதத்திலிருந்து பயற்றம் மாவைக் கரைத்துக் கொடுக்கலாம் என்று கேட்டாள். ஐந்தாம் மாதத்திலிருந்து கொடுக்கலாம், பயற்றை வறுத்து, தோல் நீக்கி, இடித்து, அரித்துக் காய்ச்சவேண்டும் என்று விளக்கினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

அலைந்து ஒரு பெட்டி பால்மா எடுத்துக் கொடுத்தேன். அடுத்த பெட்டியோடு போனபோது மடத்தில் அவர்கள் இல்லை. கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் வன்னிக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் குடும்பம் சொன்னது. அதற்குமேல் ஒரு தகவலும் வரவில்லை. தொண்ணூற்றைந்தில் நாங்கள் எல்லோருமே ஊரைவிட்டு நடந்தபோது சனத்துக்குள் தேடினேன், காணவில்லை.

அவர்கள் போன அடுத்த வருடமே எட்டாம் வகுப்புக்கு உணவுப் பாடம் மறுபடி வந்திருந்தது. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அதிபரிடம் கேட்டேன். ஆளில்லை, பாதிப்பேர் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்றார். நான் போய்ப் புத்தகத்தை விரித்தேன். ஈரலின் படத்தைப் பார்த்து, இது ஏன் ரீச்சர் சாப்பிட வேணும் என்று முன்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டது. ஏன் என்று சொல்லிக்கொடுத்தேன்.